கடலோரக் கிணறுகளும் உப்பு நீரும்

(திண்டிவனத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



சென்னையில் கடல் நீரைக் குடிநீராக்கி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். கடல் நீரையே மாற்ற முடியுமானால், அதைவிட உப்புக் குறைந்த எங்கள் கிணற்று நீரை மாற்றி மல்லாட்டைக்குப் பாய்ச்ச முடியாதா என்று மரக்காணம் பகுதி விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முடியும். ஆனால் முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரக்கூடியது. கடல் நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் ஊடே தள்ளுகிறார்கள். நீர் மறுபக்கம் போகிறது, உப்பு இந்தப் பக்கம் தங்கிவிடுகிறது. வீட்டில் வைக்கும் ஆர்.ஓ. கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடல் நீரிலிருந்து இப்படி ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அந்த நிலையத்து நீருக்கு ஒப்பந்தத்தில் போட்ட தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 49 ரூபாய்.

இறவை நிலக்கடலைக்கு 500 மி.மீ. நீர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு அது 20 லட்சம் லிட்டர். 49 ரூபாய் வீதம் போட்டால் தண்ணீருக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாயை நெருங்குகிறது. 1,200 மி.மீ. கேட்கும் நெல்லுக்கு 2 லட்சத்து 35 ஆயிரத்தைத் தாண்டுகிறது. குடிக்கிற தண்ணீருக்கு இந்த விலை தாங்கும், மல்லாட்டைக்குத் தாங்காது.

கிணற்று நீரில் உப்பு குறைவு, செலவும் குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் பிரித்தெடுத்த உப்பு எங்கே போகும்? காட்டுப்பள்ளியில் 23 கோடி லிட்டருக்கு மேல் கடல் நீரை இழுத்து, 10 கோடி லிட்டர் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடலிலேயே விடுகிறார்கள். தோட்டத்தில் கழிவு நீரை வாய்க்காலில் விட்டால் அது கொஞ்ச நாளில் அதே கிணற்றுக்குத்தான் வந்து சேரும்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போயிருக்கும் குவைத்தில் குடிநீரில் பெரும்பகுதி கடலிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு 100 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக மழை பெய்யும் நாட்டுக்கு வேறு வழியில்லை. ஓமானில் பாத்தினா கடற்கரையில் பம்பு வைத்து அளவு மீறி இறைத்ததால் கிணறுகளில் கடல் ஏறிப் பேரீச்சந்தோட்டங்கள் பாழாயின. நமக்கோ ஆண்டில் சுமார் 1,000 மி.மீ. மழை. ஓர் ஏக்கரில் விழுவது 40 லட்சம் லிட்டர், அதாவது ஒரு மல்லாட்டைப் போகத்துக்கு வேண்டியதைப் போல் இரு மடங்கு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவு கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அது எங்கே போயிற்று?

மீஞ்சூர் கதையின் முன்பகுதியையும் சொல்ல வேண்டும். நகரத்துக் குடிநீருக்கும் பாசனத்துக்குமாக அங்கே பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. நல்ல கிணறுகள் இருந்த அதே வட்டாரத்தில்தான் பிறகு கடல் நீர் நிலையம் வந்தது.

இது எப்படி நேர்கிறது? கடலோர மணலில் நல்ல நீர், கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். மேலே ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால் அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறிவரும். ஆகவே தண்ணீர் போதவில்லை என்று கடலோரத்தில் போரை இன்னும் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவதாகும். ஆழமில்லாத இரண்டு கிணறுகளில் சிறிய மோட்டார் வைத்து, விட்டு விட்டு இறைப்பதே மேல். (திண்டிவனம், மயிலம் பக்கம் பாறைப் பகுதி. அங்கே கிணறு கரிப்பதற்குக் காரணம் கடல் அல்ல. அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

கரிக்கிற நீரைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்பதற்கு மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தால் போதும். வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. மின்கடத்தும் திறன் 2 டெசிசைமன் உள்ள நீரில் லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் உப்பு இருக்கும். மேலே சொன்ன 20 லட்சம் லிட்டரோடு நாமே ஏக்கருக்கு இரண்டரை டன் உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். நிலக்கடலை ஏறத்தாழ 2 வரை தாங்கும். 3.3 ஆனால் மகசூல் பாதியாகிவிடும். பருத்தி 5 வரைகூடத் தாங்கும்.

ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. நிலக்கடலைக் காய் திரள்வதற்கும் உதவும். உவர் நிலத்து உப்பைக் கரைத்து இறக்க நல்ல நீரும் வடிகாலும்தான் வேண்டும். குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு மாறும் என்று விற்க வருகிறவரிடம், முன்னும் பின்னும் மின்கடத்தும் திறனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பண்ணைக்குட்டையில் பிடித்த மழை நீர் கொஞ்சமே இருந்தாலும் அதை விதைப்புக்கும் முளைப்புக்கும் ஒதுக்குங்கள். இளம் பயிருக்குத்தான் உப்பு கேடு அதிகம். வளர்ந்த பின் சற்றே கரிக்கும் நீரையும் கலந்து கொடுக்கலாம். சொட்டு நீர் போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஈரத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேரும். சிறு தூறல் விழுந்தால் அது வேருக்கே இறங்கும். ஆகையால் தூறலின்போது சொட்டு நீரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கும் முன் ஒரு தடவை, சித்திரைக் கோடையில் ஒரு தடவை நீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி எழுதி ஒட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வரும் முடிவுகளை ஒரே நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். கோடை அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் அடுத்த போகத்தில் இறைப்பைக் குறைத்துவிடுங்கள்.