செயற்கைக் காலும் சமமான ஓட்டமும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு எனக்குக் கிடைத்திருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஆகவே ஒரு கேள்வியில் தொடங்குகிறேன்.

400 மீட்டர் ஓட்டம். எட்டு ஓடுபாதைகள். ஏழு பேர் தங்கள் சொந்தக் கால்களில் நிற்கிறார்கள். எட்டாமவருக்கு இரண்டு முழங்கால்களுக்கும் கீழே கார்பன் இழைத் தகடுகள். அவரை இவர்களோடு ஓடவிடலாமா?

ஒன்பதாம் வகுப்பில் இதைக் கேட்டபோது, "விடலாம் டீச்சர், பாவம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். "அவர் முதலாவதாக வந்துவிட்டால்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு 'பாவம்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அவர் தோற்பார் என்று நினைத்தவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை! உள்ளடக்கிய கல்வி பற்றிய பயிற்சியில் நான் ஏன் ஓட்டப்பந்தயத்தைப் பேசுகிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் அந்தத் தகட்டைப் பார்ப்போம். வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1976இல், தம் 21ஆம் வயதில், நீர்ச்சறுக்கு விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் அவருக்குப் பிடிக்கவில்லை. அது பார்வைக்குத்தான் கால் போல இருந்தது. காலின் வேலையைச் செய்யவில்லை. அவர் தோற்றத்தைக் கைவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். குதிகால் இல்லாத, வளைந்த கார்பன் இழைத் தகடு பிறந்தது. அந்த வழியில் வந்த 'சீட்டா' என்ற ஓட்டத் தகட்டை ஐஸ்லாந்தின் ஓசூர் நிறுவனம் தயாரிக்கிறது.

படத்தைக் காட்டினால் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மோட்டார் எங்கே இருக்கிறது?" என்பதுதான். மோட்டார் கிடையாது. அது ஒரு வில். அழுத்தும்போது ஆற்றலைச் சேமிக்கும், விடும்போது திருப்பித் தரும். வாங்கியதைவிட அதிகம் தராது, தரவும் முடியாது. நம் கெண்டைக்கால் தசை அப்படியல்ல. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு ஒவ்வோர் உதையிலும் புதிதாக வேலை செய்யும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இதன்மேல்தான் நடந்தது.

தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் இரு கால்களிலும் கெண்டைக்கால் வெளியெலும்பு இல்லாமல் பிறந்தவர். 11 மாதக் குழந்தையாக இருந்தபோது இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். பிறகு மற்றவர்களோடும் ஓட வேண்டும் என்றார். 2007இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் தன் விதியைத் திருத்தியது. சுருள்வில், சக்கரம் போன்றவற்றால் மற்றவரைவிட அனுகூலம் தரும் கருவிகள் கூடாது என்பது புது விதி. பெயர் சொல்லவில்லையே தவிர, யாரை நினைத்து எழுதினார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

அதே ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் பேராசிரியர் பிரூகெமன் அவரைச் சோதித்தார். ஒரே வேகத்தில் ஓடும்போது பிஸ்டோரியஸ் மற்ற ஓட்டக்காரர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவிடுகிறார் என்பது முடிவு. தரையில் ஊன்றி எழும்போது மனிதக் கணுக்காலில் ஏறத்தாழ 41 சதவீத ஆற்றல் வீணாகிறது, தகட்டில் 9 சதவீதம்தான் என்றும் அறிக்கை சொன்னது. 2008 ஜனவரியில் சம்மேளனம் அவருக்குத் தடை விதித்தது.

எண்களைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். சுவிட்சர்லாந்தின் லாசேனில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அப்படி நினைக்கவில்லை. 2008 மே 16 அன்று தடையை நீக்கியது. சோதனையில் அவர் நேர்கோட்டில், வேகம் பிடித்த பிறகு ஓடியது மட்டுமே அளக்கப்பட்டிருந்தது. அதுதான் அவர் சிறப்பாக ஓடும் பகுதி. புறப்படுவதும் வேகம் எடுப்பதும் கணக்கில் வரவில்லை. குனிந்த நிலையிலிருந்து கிளம்பும்போது உதைத்துத் தள்ளக் கணுக்கால் தசை வேண்டும், அவரிடம் அது இல்லை. ஓட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டு சாதகத்தையும் பாதகத்தையும் கூட்டிக் கழித்து நிகர அனுகூலம் உண்டென்று காட்ட வேண்டியது சம்மேளனத்தின் பொறுப்பு, அதை அது காட்டவில்லை என்றது மன்றம். கூடவே, இந்தத் தீர்ப்பு இவருக்கும் இவர் அணிந்த இந்தத் தகட்டுக்கும் மட்டும்தான் என்றும் எழுதிவைத்தது.

மேல்முறையீட்டில் அவர் பக்கம் நின்ற விஞ்ஞானிகள் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேறு சோதனைகள் செய்திருந்தார்கள். 2009இல் முழு முடிவுகளையும் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு அந்தக் குழுவே இரண்டாக உடைந்தது. அறிவியல் ஆசிரியரான எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிஸ்டோரியஸ் காலை முன்னே வீசும் நேரம் மற்றவர்களைவிட 21 சதவீதம் குறைவு. அவர் தரையை அழுத்தும் விசையும் குறைவு. பீட்டர் வேயண்ட் என்ன சொன்னார்? தகடு இலேசானது, அதனால் கால் வேகமாக வருகிறது, இது மாபெரும் அனுகூலம் என்றார். ராட்ஜர் கிராமும் ஹியூ ஹெர்ரும் என்ன சொன்னார்கள்? விசை குறைவது பாதகம், அதை ஈடுகட்டத்தான் அவர் காலை வேகமாக வீசுகிறார், ஒரே ஒருவரை அளந்துவிட்டுத் தகட்டைக் குற்றம் சொல்ல முடியாது என்றார்கள். ஹெர் இரு கால்களையும் இழந்தவர், தம் செயற்கைக் கால்களைத் தாமே வடிவமைத்துக்கொள்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தரவு, ஒரே கட்டுரை, இரு முடிவுகள். 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டோரியஸ் 400 மீட்டர் அரையிறுதி வரை வந்தார். அதில் 46.54 விநாடிகளில் கடைசியாக முடித்தார். அதே ஓட்டத்தில் ஓடிய கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ் அவரிடம் வந்து, நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ச் சீட்டை மாற்றிக்கொண்டார். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. சில வாரம் கழித்து, அதே மைதானத்தில், பாராலிம்பிக் 200 மீட்டர் இறுதி. பிரேசிலின் ஆலன் ஒலிவெய்ரா கடைசி மீட்டர்களில் முந்திச் சென்று 21.45 விநாடிகளில் வென்றார். பிஸ்டோரியஸுக்கு 21.52. ஓட்டம் முடிந்ததும் பிஸ்டோரியஸ் சொன்ன புகார் என்ன தெரியுமா? ஒலிவெய்ராவின் தகடுகள் மிக நீளமாக இருக்கின்றன, இது நியாயமில்லை! தகடுகள் விதிக்குட்பட்டவை என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். புகார் சொன்ன நேரத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டார், புகாரை விட்டுவிடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 2013இல் தம் காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் பிஸ்டோரியஸ் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர். ஆகவே 'ஊனத்தை வென்ற வீரர்' என்று சுவரில் ஒட்டுவதற்காக நான் அவரை இங்கே கொண்டுவரவில்லை. நமக்கு வேண்டியது வழக்கு.

நீளம் பற்றிய அந்தப் புகார்தான் பின்னாளில் பெரிதானது. ஒரு கால் மட்டும் இழந்தவருக்கு இன்னொரு கால் அளவுகோலாக இருக்கிறது. இரண்டும் இல்லாதவரின் 'உண்மையான' உயரம் என்ன? பாராலிம்பிக் அமைப்பு தொடை நீளம், கை நீளம், உட்கார்ந்த உயரம் போன்றவற்றிலிருந்து அதிகபட்ச உயரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 2018 முதல் அது இன்னும் இறுக்கப்பட்டது. உயரம் ஏன் முக்கியம்? கால் நீளமானால், அது தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தில் உடல் முன்னே நகரும் தூரம் கூடும். தகடு எவ்வளவு சக்தி தருகிறது என்று கேட்பதைவிட, அதை எவ்வளவு நீளமாக மாட்டலாம் என்று கேட்பது தெளிவான கேள்வி.

அமெரிக்கரான பிளேக் லீப்பர் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் பிறந்தவர். 2019இல் அமெரிக்கத் தேசியப் போட்டியின் 400 மீட்டர் இறுதியில் ஐந்தாவதாக வந்தார். இதற்குள், 2015இலேயே, விதி தலைகீழாகியிருந்தது. அனுகூலம் உண்டென்று சம்மேளனம் காட்ட வேண்டியதில்லை, இல்லை என்று வீரரே காட்ட வேண்டும். 2020இல் லீப்பருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, அவர் லாசேனுக்குப் போனார். அக்டோபரில் வந்த தீர்ப்பு இரண்டு பகுதிகள் கொண்டது. நிரூபிக்கும் பொறுப்பை வீரர் தலையில் கட்டிய விதி செல்லாது என்றது முதல் பகுதி. ஆனால் இவர் ஓடும் தகடுகள் இவர் உயரத்தைச் சுமார் 15 சென்டிமீட்டர் கூட்டுகின்றன, அது அனுகூலம் என்பதைச் சம்மேளனம் நிறுவிவிட்டது என்றது இரண்டாம் பகுதி. கொள்கையில் வென்று ஓட்டத்தில் தோற்றார். உயரச் சூத்திரத்துக்கு ஆதாரமான அளவீடுகளில் தம்மைப் போன்ற கறுப்பினத்தவர் இல்லை என்ற அவர் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை.

என் கருத்து என்ன என்று கேட்பீர்கள். உயரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் பட்டறையில் முடிவாகிவிடும். ஆனால் வரம்பை எந்த உடல்களை அளந்து போட்டார்கள் என்று கேட்டவரை அவ்வளவு எளிதாக அனுப்பியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தீர்ப்பின் முதல் பகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருவரை வெளியே நிறுத்துகிறவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும்.

காலணியையும் பாருங்கள். கார்பன் தகடு வைத்த மாரத்தான் காலணிகள் வந்து சாதனைகள் சரிந்தபோது, 2020இல் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம், பொதுவிற்பனைக்கு வந்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 'என் காலணி எனக்கு உதவவில்லை' என்று நிரூபித்துவிட்டு வா என்று எந்த வீரரையும் அனுப்பவில்லை.

நம் பள்ளிக்கு வருவோம். பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு. "மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எப்போது வருகிறது? பார்வைக் குறைபாடுள்ள மாணவி 500க்கு 180 எடுத்தால் வருவதில்லை. 480 எடுத்தால் வருகிறது. அப்போது, அவள் சொல்லிச் சொல்லி எழுதவைத்த நேரம், வரைபடத்தை விரலால் தடவிப் படித்த ஆண்டுகள், பாடநூல் தாமதமாகக் கைக்கு வந்த மாதங்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கொலோன் சோதனை போலத்தான், ஓட்டத்தின் ஒரு துண்டை மட்டும் அளக்கிறோம். விளையாட்டு விழாவிலோ இன்னும் எளிது. 15 சென்டிமீட்டர் தகராறு பதக்க மேடைக்கு உரியது. வகுப்புக்கு வகுப்பு நடக்கும் 100 மீட்டரில் ஊன்றுகோலோடு ஓட விரும்பும் பையனைப் புள்ளி எழுத உட்காரவைக்க எந்த விதியும் சொல்லவில்லை.

இதை வகுப்பில் நடத்த விரும்புவோருக்காக நான்கு அட்டைகள் தயாரித்திருக்கிறேன். ஒன்றில் கொலோன் எண்கள், ஒன்றில் ஹூஸ்டன் எண்கள், ஒன்றில் உயரச் சூத்திரம் பற்றிய குறிப்பு, ஒன்றில் காலணி விதி. எட்டாம் வகுப்புக்கு மேல் இரண்டு பாடவேளை போதும். உடற்கல்வி ஆசிரியரையும் சிறப்புப் பயிற்றுநரையும் கூட அழையுங்கள். யார் நிரூபிக்க வேண்டும் என்பதை எந்த அட்டையிலும் எழுதவில்லை, அதை மாணவர்களே பேசி முடிவுசெய்யட்டும். வருகைப் பதிவேடு இருக்கும் மேசையில் அட்டைகளை வைத்திருக்கிறேன், போகும்போது பள்ளிக்கு ஒரு தொகுப்பு எடுத்துச் செல்லுங்கள்.