பாடிவீடும் ஊரும்



சென்னையின் மேற்குப் பகுதியில், திருவள்ளூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பாடி என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள சிவன் கோயிலுக்குத் திருவலிதாயம் என்பது பழம்பெயர். திருஞானசம்பந்தர் பாடிய பதி அது. அவ்வூரில் வாழும் எனக்கு அதன் பெயரை எண்ணிப் பார்ப்பதிலே தனி விருப்பம் உண்டு. படை வந்து இறங்கிச் சில நாள் தங்கும் இடத்தைப் பாடி என்றும் பாடிவீடு என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஆனிரையோடு மக்கள் குடியிருக்கும் சிற்றூரும் பாடியே. ஆயர்பாடியை அறியாதார் யார்? முன்னது நாளை பிரித்தெடுக்கப்படும் கூடாரம். பின்னது தலைமுறை தலைமுறையாய் நிலைத்த ஊர். பிழைப்பை நாடி அயல்நாடு செல்லும் குடும்பம், தான் அங்கே அமைப்பது எந்தப் பாடி என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் செட்டிநாட்டு நகரத்தார் பலர் வாணிகத்தின் பொருட்டுப் பர்மாவுக்குச் சென்றனர். ஏஜண்டாய்ச் சென்றவர்க்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. மனைவி மக்கள் சொந்த ஊரிலே இருக்க, இவர்கள் கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்திலே பெட்டகத்தை வைத்துப் பகலெல்லாம் கணக்கெழுதினர். இரவிலே அங்கேயே படுத்துறங்கினர். முருகனுக்குக் கோயில் எடுத்தனர். ஐராவதி ஆற்றின் வடிநிலத்திலே நெல்வயல் பெருகக் கடன் கொடுத்தனர். ஆயினும் கிட்டங்கி பாடிவீடாகவே இருந்தது. தவணை முடியும் நாளையே அவர்கள் நெஞ்சம் எண்ணிக்கொண்டிருந்தது.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர் வரலாறு வேறு. முதலிலே ஆடவரே மிகுதியாய்ச் சென்றனர். பின்னர்ப் பெண்டிரும் பிள்ளைகளும் சேர்ந்து வாழத் தலைப்பட்டதும், தோட்டத்திலே தமிழ்ப் பள்ளி எழுந்தது, திருவிழா வந்தது. கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் 1892இல் தொடங்கிய தைப்பூசத்தை இன்று உலகமே அறியும். அண்டையிலுள்ள சிங்கப்பூரிலே ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. தோட்ட வாழ்க்கை இனிதாய் இருந்தமையால் அம்மக்கள் வேரூன்றினர் என்று எண்ணிவிடாதீர்கள்; அது கடுந்துன்பம் நிறைந்த வாழ்க்கை. எனினும் அங்கே பிறந்து தவழ்ந்த குழந்தைக்கு அம்மண்ணே சொந்த ஊர். குழந்தை தவழும் இடம் கூடாரமாய் நெடுநாள் இருப்பதில்லை.

எங்கள் பகுதிக்கும் அயல்நாட்டுத் தொடர்பு புதிதன்று. 1955இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலைக்குச் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று தொழில்நுட்பத் துணை நின்றது. பாடியிலே தொழிற்சாலை அமைத்த லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம், 1961இல் ஆங்கிலேயக் கூட்டுறவோடு தோன்றியது. இவ்வாறு எந்திரங்கள் கடல் கடந்து வரும்போது மனிதரும் கடல் கடப்பது இயல்பே.

யானும் தொழிலின் பொருட்டு மனைவியோடும் மகளோடும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே மூன்றாண்டு வாழ்ந்தேன். எனக்குத் தொழிற்சாலை இருந்தது; எந்திரத்தின் மொழி எங்கும் ஒன்றே. மகளுக்குப் பள்ளி இருந்தது. உண்மையிலே அயல்நாட்டை நேருக்கு நேர் எதிர்கொண்டவள் என் மனைவிதான். டிசம்பர்த் திங்களிலே அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். குளிரிலே இட்லி மாவு பொங்க மறுக்கும். அவள் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, அறையைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாயின் அருகே வைப்பாள். ஒருநாள் அண்டை வீட்டு மூதாட்டியார், "அந்தக் கம்பளிக்குள் உறங்குவது யார்?" என்று கேட்டார். மறுநாள் அவர் வீட்டுக்கு இட்லி சென்றது. ரொட்டி மாவு புளிக்கவைக்கும் பக்குவம் எங்கள் வீட்டுக்கு வந்தது. புளித்த மாவிலே பிறந்த அந்நட்புத்தான் பேருந்து வழியையும் மருத்துவர் இல்லத்தையும் எங்களுக்குக் காட்டியது.

மகளோ ஆறு திங்களுக்குள் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் விடை கூறத் தொடங்கினாள். வீதியிலே ஆங்கிலம், வீட்டிலே தமிழ் என்று வகுத்துக்கொண்டோம். வாரந்தோறும் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றோம். பனி பெய்வதையும் இலையுதிர்வதையும் பாட்டிக்கு விளங்க எழுதவேண்டுமே! ஆகவே, அப்புதிய நாட்டை அவள் தமிழ்க் கண்ணாலும் கண்டாள். அண்டை வீட்டை அறிவதற்குத் தன் வீட்டை மறக்கவேண்டியதில்லை என்பதை அக்கடிதங்கள் எனக்கு உணர்த்தின.

இக்காலத்திலே காற்று மறுபுறத்திலிருந்தும் வீசுகிறது. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் கொரியக் குடும்பங்கள் பல சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறின. அவர்கள் குழந்தை தந்தையை 'அப்பா' என்றே அழைக்கும். தாயை ஏறத்தாழ 'ஓம்மா' என்னும். ஓரிரு சொற்களைக் கொண்டு இரு மொழிகளுக்கு உறவு கற்பித்தல் ஆய்வுக்கு ஒவ்வாது. ஆயினும் அவ்வொலியைக் கேட்கும்போது உள்ளம் குளிர்கிறது. அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டே வீட்டினுள் நுழைவர். சோற்றையே முதன்மை உணவாய்க் கொள்வர். பிள்ளை பெற்ற தாய்க்கு நாம் பூண்டும் சுக்கும் கொடுப்பதுபோல, அவர்கள் கடற்பாசியிட்ட சாற்றைக் கொடுப்பர்.

இளைஞர்களே! நாளை உங்களுள் பலர் கடல் கடந்து செல்லக்கூடும். அதற்கு முன்பே, உங்கள் தெருவிலே கடல் கடந்து வந்த குடும்பம் ஒன்று குடியேறவும் கூடும். அவ்வீட்டுத் தாய் காய்கறிக் கடையிலே சொல் தெரியாது நிற்கையில், அருகே சென்று கத்தரிக்காயின் பெயரையும் விலையையும் சொல்லிக் கொடுங்கள். அவ்வீட்டுக் குழந்தையை உங்கள் விளையாட்டிலே சேர்த்துக்கொள்ளுங்கள். பாடிவீட்டை ஊராக்கும் வேலையில் பாதி வந்தவர் கையில் உள்ளது. மறுபாதி அண்டை வீட்டார் கையில் உள்ளது.