அம்மா வாங்கின ஆயிரம் ரூபாய்க் கடனும் என் கணக்கு நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர் ஒருவரின் மகள், அரசு கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஆற்றிய உரை)



"படிக்கிற பிள்ளைங்க காசையும் நேரத்தையும் எப்படித் திட்டம் போட்டுச் செலவு பண்ணணும், அதைப் பத்திப் பேசும்மா" என்று தலைவி அம்மா கேட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏன்னா நான் அந்த விஷயத்தில் ஒழுங்காக இருந்து கற்றுக்கொண்டவள் இல்லை. தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க அம்மா மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு இது தெரிந்த கதைதான்.

நான் கல்லூரி முதல் வருடம். ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் பேரில், என் பேங்க் கணக்கில் வர ஆரம்பித்தது. வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சாப்பாடு வீட்டில் இருந்து டிபன் பாக்ஸில் போய்விடுகிறது. அப்போ அந்த ஆயிரம் ரூபாய் பூராவும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். முதல் செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தை அப்பா கட்டிவிட்டார். இரண்டாவது செமஸ்டருக்கு, "உனக்குத்தான் மாசா மாசம் பணம் வருதே, நீயே கட்டிக்கோ" என்றார். சரி என்று சொன்னேன்.

மார்ச் மாதம் கட்டண நோட்டீஸ் போட்டார்கள். மார்க் ஷீட் கட்டணமெல்லாம் சேர்த்து 980 ரூபாய். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னாடி பேங்க் கணக்கைப் பார்த்தேன். 62 ரூபாய் இருந்தது.

எங்கே போச்சு பணம்? யாரும் திருடவில்லை. போனில் பார்த்து வாங்கின ஒரு சுடிதார் 649 ரூபாய். கேன்டீனில் டீயும் பப்ஸும் தினம் 25 ரூபாய். தோழிகள் பிறந்தநாளுக்குத் தலைக்கு 100. காலையில் பஸ்ஸை விட்டுவிட்டு 20 ரூபாய் கொடுத்துத் தனியார் பஸ்ஸில் போன நாட்கள் எத்தனையோ. எல்லாமே ஜிபேயில் போனது. நோட்டாக எண்ணிக் கொடுத்திருந்தால் கை கொஞ்சம் தயங்கியிருக்கும். போனில் அழுத்தும்போது அந்தத் தயக்கமே வரவில்லை.

அம்மாவிடம் "கட்டணம் கட்டணும், காசு பத்தலை" என்று மட்டும் சொன்னேன். ஏன் பத்தலை என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். வழக்கமாகத் தீர்மான நோட்டு எழுதும் அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். "பி.காம். படிக்கிற பொண்ணு இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று ஊக்குநர் அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பெருமையாகப் போய் உட்கார்ந்தேன். வருகை எழுதினேன், சேமிப்பு எழுதினேன். அடுத்தது கடன் கேட்பவர்கள். எங்க அம்மா எழுந்தாங்க. "ஆயிரம் ரூபா வேணும். பொண்ணுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டணும்" என்றாங்க. எல்லோரும் ஒரே குரலில் "படிப்புக்குத்தானே, குடுங்க" என்றார்கள். நான் என் கையாலேயே எழுதினேன்: காரணம், மகளின் தேர்வுக் கட்டணம். தொகை, ரூ.1,000. பத்துத் தவணை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி.

எழுதும்போது கை நடுங்கியது. அந்தக் காரணம் முழு உண்மை இல்லை என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம் 100 அசல். முதல் மாதம் வட்டி 10, அடுத்த மாதம் 9, இப்படிக் குறைந்து குறைந்து பத்து மாதத்தில் மொத்த வட்டி 55 ரூபாய். கந்துவட்டியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அது புளி சீசன். அம்மா காலையில் இருந்து சாயங்காலம் வரை கொட்டகையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த நேரம். நான் சாப்பிட்ட பப்ஸுக்கு அம்மா வட்டி கட்டப் போறாங்க. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் குழுவின் ரொக்கப் புத்தகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். வரவு, செலவு, இருப்பு. கல்லூரியில் இதையே பெரிய புத்தகத்தில் படிக்கிறேன், ஆனால் என் பையில் இருக்கும் காசுக்கு ஒரு நாள் கூட எழுதியதில்லை. நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் இந்த மகளிர் குழுக்களை முதலில் ஆரம்பித்தார்கள் என்று நீங்கள் எல்லோரும் பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். அந்த வழியில் வந்த குழுவில் நாலாவது வரை படித்த எங்க அம்மா தவணை தவறாமல் கட்டுகிறாங்க. கல்லூரி போற நான் ஆறு மாதப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

குழுவுக்கு ஐந்து விதி சொல்வார்கள் இல்லையா, பஞ்ச சூத்திரம்? தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, சரியான கணக்கு. அதையே எனக்கு நான் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து நிமிடம் நானும் என் நோட்டும் உட்காருவது. கணக்கு என்றால், வெட்கமான செலவையும் எழுதுவது. சேமிப்பு என்றால், பணம் வந்த அன்றைக்கே எடுத்து வைப்பது. மாசக் கடைசியில் மிஞ்சினால் வைக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. உள்கடன் என்றால், எடுத்து வைத்த பணத்தை அவசரத்துக்குத் தொட்டால் அதைக் கடன் என்று எழுதுவது. தவணை என்றால், அதை அடுத்த மாதமே திருப்பி வைப்பது.

இரண்டாம் வருடத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறேன். நாளுக்கு 200, நாலு வாரத்துக்கு 800. உதவித்தொகையோடு சேர்த்து என் மாத வரவு 1,800. அதை எப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். தங்கைகள் எழுதிக்கொண்டாலும் சரி.

தேர்வுக் கட்டணத்துக்கு 170. ஆறு மாதத்தில் 1,020 சேர்ந்துவிடும். போஸ்ட் ஆபீஸ் தொடர் வைப்புக்கு 200. அங்கே மாதம் 100 ரூபாயில் இருந்தே கட்டலாம். போன் ரீசார்ஜ் 324. நான் போடுவது 299 ரூபாய் ரீசார்ஜ்தான், ஆனால் அது 28 நாளுக்குத்தான் வரும். அப்படிப் போனால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை இல்லை, பதிமூன்று தடவை போட வேண்டும். அந்தப் பதிமூன்றாவதுக்காக மாதம் 25 தனியாக வைக்கிறேன். ஜெராக்ஸ், நோட்டு, பேனா 200. டீக்கு 250. தனியார் பஸ்ஸுக்கு 160. வீட்டுச் செலவுக்கு அம்மாவிடம் 400. இதெல்லாம் போக மீதி 96 ரூபாய். அதுதான் திடீர்ச் செலவுக்கு. பிறந்தநாள் வந்தால் அதற்குள்தான்.

டீயை நான் நிறுத்தவில்லை, கவனித்தீர்களா? முதல் மாதம் நிறுத்திப் பார்த்தேன். பத்து நாள் தாக்குப் பிடித்தேன். பதினோராவது நாள் வெறி பிடித்த மாதிரி 90 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். கொஞ்சமாவது இடம் கொடுத்துத் திட்டம் போட்டால்தான் நிற்கும்.

இனி நேரம். காசையும் நேரத்தையும் தனித்தனியாகப் பேச முடியாது. காலை 7.40-க்கு வரும் வெள்ளை போர்டு பஸ்ஸை விட்டால் 20 ரூபாய் போச்சு. ஐந்து நிமிடத் தூக்கத்துக்கு 20 ரூபாய் விலை. அதனால் பை, டிபன் பாக்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ராத்திரியே எடுத்து வைக்கிறேன்.

சாயங்காலம் வேறு கணக்கு. வகுப்பு 3.15-க்கு முடியும். 3.30-க்குத் தனியார் பஸ். இலவச பஸ் 5.15-க்குத்தான். முதலில் பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்துக்கொண்டு அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் ஓட்டிவிடுவேன். இப்போது நூலகத்தில் உட்காருகிறேன். அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் ஒகேனக்கல் தண்ணி வரும் நாட்களிலும் பரீட்சை நெருங்கும்போதும் 20 ரூபாய் கொடுத்துச் சீக்கிரம் வந்துவிடுகிறேன். அதற்குத்தான் அந்த 160, மாதம் எட்டுத் தடவை. சிக்கனம் என்று சொல்லி நேரத்தை வீணாக்குவதும் செலவுதான்.

ஒரு வாரம் காலையில் இருந்து ராத்திரி வரை என்ன செய்தேன் என்று நேரத்துக்கும் ரொக்கப் புத்தகம் மாதிரியே எழுதினேன். படிக்கவே நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். போன் மட்டும் ஒரு நாளைக்கு சராசரி இரண்டே முக்கால் மணி. வாரத்துக்கு 19 மணி நேரத்துக்கு மேல். பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அதில் பாதியைக் குறைத்தேன். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிக்க ஆரம்பித்தேன். மார்க் ஏறியது. பெரிய சாதனை என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு லீவு நாளில், விளையாட்டாகத்தான், அம்மாவின் நாளையும் எழுதிப் பார்த்தேன். 4.30-க்கு எழுந்தாங்க. வாசல், மாடு, பால் கறப்பது, சமையல். 8 மணிக்கு வேலைக்குப் போனாங்க. 5.30-க்குத் திரும்பி வந்து மறுபடி மாடு, பால், சமையல், பாத்திரம். படுக்கும்போது 10.15. பதினேழே முக்கால் மணி நேரம். இதில் அம்மாவுக்கென்று ஒரு வரி எழுத இடம் தேடினேன். இல்லை. வாரத்தில் செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்கு வரும் ஒரு மணி நேரம்தான் அவங்களுக்கு என்று எழுத முடிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. காலையில் பாத்திரம் தேய்ப்பதும் மாட்டுக் கொட்டகை கூட்டுவதும் முன்னாடி என் வேலை. நான் 5 மணிக்குப் புத்தகத்தை எடுத்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் அதையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்துவிட்டாங்க. என் நோட்டில் வரவு என்று எழுதின ஒரு மணி நேரம் அம்மா நோட்டில் செலவு. காசில் செய்த தப்பையே நேரத்திலும் செய்துகொண்டிருந்தேன்.

எட்டாவது படிக்கும் தம்பி இருக்கிறான். அவன் நாளை எழுதினால் வீட்டு வேலை என்று ஒன்றுமே இல்லை. சொசைட்டிக்குப் பால் கொண்டு போவதையும், கொட்டகை கூட்டுவதையும், தண்ணி பிடிப்பதையும் அவனுக்குக் கொடுக்கலாம் என்றேன். அப்பா முகத்தைச் சுளித்தார். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அம்மாவும் "அவன் சின்னப் பையன், விடு" என்றாங்க. "எட்டாவது படிக்கும்போது நான் என்னென்ன செஞ்சேன்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அடுத்த நாள் காலையில் அம்மாவே அவன் கையில் பால் தூக்கைக் கொடுத்தாங்க. இன்னும் வாரத்தில் இரண்டு நாள் ஏமாற்றுகிறான். பாத்திரத்தை நான் ராத்திரியே தேய்த்து வைத்துவிடுகிறேன். பாதி மாறியிருக்கிறது. மீதியையும் மாற்ற வேண்டும்.

அந்தக் கடனைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. பத்துத் தவணையும் என் உதவித்தொகையில் இருந்துதான் போனது. நாலாவது தவணை கொடுக்கும்போது அம்மாவிடம் சுடிதார், பப்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நோட்டுல எழுதிட்டியா?" எழுதிட்டேன் என்றேன். "அப்ப சரி, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாங்க.

அதனால் அம்மாக்களிடம் சில விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குத் தினம் பத்து, இருபது என்று கொடுக்காமல் மாதப் பணத்தை ஒரே தடவையில் கையில் கொடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் தீரட்டும், அப்போதுதான் படியும். கணக்கைக் கேளுங்கள், ஆனால் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த மாதம் பொய்க்கணக்கு எழுதுவோம். உதவித்தொகையை வீட்டுத் தவணைக்கு எடுக்க வேண்டி வந்தால், அதைப் பிள்ளையிடம் பேசி, எழுதி வைத்து எடுங்கள். மாதம் ஒரு கூட்டத்துக்காவது பொண்ணைக் கூட்டி வந்து நோட்டு எழுதச் சொல்லுங்கள். பையனையும் கூட்டி வரலாம், தப்பில்லை.

கூட்டமைப்பிடமும் ஒரு கோரிக்கை. கல்லூரி போகும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மாதம் 170 ரூபாய் போல விருப்பச் சேமிப்பாகப் போட்டு வைத்து, தேர்வுக் கட்டணம் வரும்போது எடுத்துக்கொள்ள ஒரு வழி செய்தால், அந்த நாலு நாளில் யாரும் கடன் கேட்டு எழுந்து நிற்க வேண்டியிருக்காது. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைத்துப் பேசுங்கள். நோட்டு எழுத நான் வருகிறேன்.

தங்கைகளே, யாருக்காவது கணக்கு நோட்டு கோடு போட்டு ஆரம்பிக்கத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கு மேல் கூட்டமைப்புக் கட்டடத்துக்கு வாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஸ்கேலும் கொண்டு வந்தால் போதும்.