அறிவிப்பு எழுத்தாகவே வரட்டும்



மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய பல்கலைக்கழக இணையதளங்களைப் பற்றிப் பேச, பல்கலைக்கழகம் எதுவும் இல்லாத அம்பூரியில் கூடியிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அருகே, திருவனந்தபுரம் பாளையத்தில் குடியிருப்பவர், தளம் திறக்கவில்லை என்றால் நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்வார். அம்பூரியிலோ வெள்ளறடையிலோ பாறசாலையிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தளம்தான் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைக்குப் பார்வை இல்லையென்றால், தளத்தின் ஒவ்வொரு குறையும் ஒரு பஸ் பயணமாகவோ ஒரு துணையாள் தேவையாகவோ மாறுகிறது.

கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் இந்த எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் குடும்பங்கள் அப்படிப் பிரிந்துவிடவில்லை. இங்குள்ள தமிழ்ப் பிள்ளை கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கும். ஆறுகாணி, பத்துகாணி வழியாகக் குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் சேர நினைத்தால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தளத்தையும் பார்க்க வேண்டும். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அந்தப் பிள்ளையின் கணினி பேசியாக வேண்டும்.

ஓர் அறிவிப்பு எப்படித் தளத்துக்கு வருகிறது என்று பாருங்கள். பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் கணினியில் தட்டச்சு செய்கிறார். அந்த நேரத்தில் அது எழுத்து. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அதைத் தடையில்லாமல் வாசித்துவிடும். பிறகு அச்செடுக்கிறோம். பதிவாளர் கையொப்பமிடுகிறார், முத்திரை விழுகிறது, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறோம். இப்போது தளத்தில் இருப்பது ஒரு தாளின் படம். மாணவரின் கணினி அதைத் திறந்து, ஆவணம் காலி என்று சொல்லி நின்றுவிடுகிறது. நல்ல எழுத்தாகப் பிறந்ததை நாமே பாடுபட்டுப் படமாக்கியிருக்கிறோம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஓசிஆர் இருக்கிறதே என்பார்கள். கட்டணப் பட்டியலின் கட்டங்கள் அதில் குழம்பிப்போகும். கடைசித் தேதியின் மேல் முத்திரை விழுந்திருந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்? கையொப்பம் வேண்டுமே என்பதுதான் அலுவலகங்கள் சொல்லும் காரணம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே டிஜிட்டல் கையொப்பத்துக்கு இடம் கொடுத்துவிட்டது.

தமிழுக்கு இதில் தனித் துயரம் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் செய்யாமல் ஏற்றினாலும், பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கேட்பவருக்குப் பயன்படாது. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லைக் கண் தமிழாகப் பார்க்கிறது. கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதைத்தான் அது வாசிக்க முயலும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் பாடத்திட்டம் வெளியிடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மொழி கலந்த பக்கத்தில் எந்தப் பகுதி எந்த மொழி என்று நிரலில் குறித்திருக்கவும் வேண்டும். குறித்திருந்தால் திரைவாசிப்பான் குரலை மாற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் நம் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும், அல்லது கடித்துத் துப்பும்.

கருவி இல்லை என்ற காலம் போய்விட்டது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது; தமிழும் மலையாளமும் பேசும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆக, மாணவர் தயாராகத்தான் இருக்கிறார். படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா அவரை நிறுத்துகிறது. பெயரிடப்படாத கட்டங்கள் நிறுத்துகின்றன. எந்தக் கட்டத்தில் பிறந்த தேதி, எதில் தொலைபேசி எண் என்று குரலுக்குத் தெரிவதில்லை. கை நடுங்குபவர் மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து வரும்போது, நேரம் முடிந்தது என்று பக்கம் மூடிக்கொள்கிறது.

பிறகு அவர் அக்ஷயா கணினிச் சேவை மையத்துக்குப் போகிறார்; எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் இ-சேவை மையத்துக்கு. அங்கிருப்பவர்கள் அன்பானவர்கள், உதவுகிறார்கள். ஆனால் அவர்களிடம் தன் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் மதிப்பெண்ணையும் மாற்றுத்திறன் சான்றிதழையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்களும் கேட்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் போகும் வயது வந்த ஒருவரை நாம் இந்த நிலையில் வைத்திருக்கிறோம். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 15இன் கீழ் வந்த வழிகாட்டுதல்கள் பரிந்துரையாகவே நின்றன. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. இனி எந்தப் பல்கலைக்கழகமும் இதைத் தன் பெருந்தன்மையாகக் காட்டிக்கொள்ள முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த விரிவுரைக் காணொளிகளில், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் தலைப்புரை சரியாக இல்லை என்று காது கேளாதோர் முறையிட்டார்கள். 2016இல் அமெரிக்க நீதித்துறை அதை உறுதிசெய்தது. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பழியோ, கேட்டவர்கள் மேல் விழுந்தது. 2022 நவம்பரில்தான் நீதிமன்ற உடன்பாட்டுக்கு வழி பிறந்தது. செலவைக் காட்டி நம் ஊரிலும் யாராவது இப்படிச் செய்யக்கூடும். 1997 முதல் திருவனந்தபுரத்தில் நிஷ் நிறுவனம் இயங்குகிறது. காது கேளாத பிள்ளைகள் அங்கே பட்டம் பெறுகிறார்கள். அவர்களைப் போன்றவர்களுக்குத் தலைப்புரை இல்லாத வகுப்பு வெறும் வாயசைவு. பழைய பதிவுகளை எடுத்துவிடாமல், இன்று பதிவாகும் வகுப்பிலிருந்து தலைப்புரையைத் தொடங்குவோம். பழையதைக் கேட்பவர் கேட்கும் வரிசையில் சரிசெய்வோம்.

இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் முகப்புப் பக்கத்தின் அழகைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்தளவைப் பெரிதாக்கும் பொத்தானை முகப்பில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் தளங்கள் நிறைய. சேர்க்கை அறிவிப்பு, கட்டண விவரம், தேர்வுக் கால அட்டவணை, ஹால் டிக்கெட், தேர்வு முடிவு: ஒரு மாணவரின் ஆண்டைத் தீர்மானிப்பவை இவை. இவற்றை எழுத்தாக வெளியிடுவதற்கான நடைமுறை ஒன்றை, பிரிவு எழுத்தரும் பதிவாளரும் நாளைக்கே பின்பற்றக்கூடிய வடிவில், இந்த அவை எழுதித் தர வேண்டும்.

முதல் அமர்வில் பேராசிரியர்கள் யாரும் பேசப்போவதில்லை. பார்வையற்ற மாணவர்கள் மூவர் தங்கள் போனை ஒலிபெருக்கியில் இணைத்து, இரு மாநிலத் தளங்களிலும் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பிக் காட்டுவார்கள். எங்கே நிற்கிறார்களோ அங்கே நாமும் நின்று குறிப்பெடுப்போம். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.