குளத்து மீன் விலங்கு இல்லையா?



ஆடு மாட்டுக்குக் கோமாரி வந்தா ஊசி போட டாக்டர் வர்றார். ஏரி குத்தகை எடுத்து, பண்ணைக்குட்டை வெட்டி, வட்டிக்கு வாங்கி மீன் விட்டோமே, அது செத்து மிதந்தா யார் வர்றாங்க?

புண் நோய் நமக்குப் புதுசு இல்லை. 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டி, சில வருஷத்தில் தெற்கேயும் இறங்கிய நோய் அது. மழை பெய்து தண்ணீர் குளிர்ந்ததும் விரால், குரவை, கெண்டை மேலெல்லாம் சிவப்புப் புண் விழும், சதை அழுகும். இது போக மீன் பேனும் நங்கூரப் புழுவும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகின்றன. வாங்குகிற குஞ்சோடும், கழுவிக் காயப்போடாத வலையோடும், வாய்க்கால் தண்ணீரோடும் இவை குளத்துக்குக் குளம் போகின்றன. ஒருத்தர் குளத்து நோய் ஊர் நோய்.

சட்டம் என்ன சொல்லுது? மத்திய அரசு 2009-ல் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் போட்டது. நோய் என்று தெரிந்தால் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ வளர்ப்பவர் கட்டாயம் தெரிவிக்கணும். நோய்ப் பட்டியலில் மீனின் புண் நோயும் இருக்கு. ஆனால் விலங்கு என்றால் எது என்று எழுதிய இடத்தில் மாடு, ஆடு, பன்றி, கோழி, தேனீ வரைக்கும் பேர் போட்டவர்கள் மீன் பேரைப் போடவில்லை! வேண்டுமானால் மற்ற விலங்கையும் மத்திய அரசு அறிவிக்கலாம் என்று மட்டும் எழுதினார்கள். நோய்க்கு இடம் உண்டு, மீனுக்கு இடம் இல்லை. இது என்ன நியாயம்?

கடலோர இறால் பண்ணைக்கு 2005-ல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தது. அந்தச் சட்டமே நன்னீர் வளர்ப்பு இதில் சேராது என்று சொல்லிவிட்டது. 2023-ல் மீன் நோயைத் தெரிவிக்க மத்திய அரசு செல்போன் செயலி விட்டது. நல்லதுதான். தெரிவித்த பிறகு குளத்தங்கரைக்கு ஆள் வரணுமே!

நாம் கேட்பது நான்கு:

1. அந்தச் சட்டம் மீனுக்கும் உண்டு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அறிவித்து, பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் ஒட்டு.

2. நோய் இல்லை என்ற சான்று இல்லாமல் மீன் குஞ்சு விற்காதே. பொறுப்பு வாங்குகிறவன் தலையில் மட்டும் ஏன்?

3. மாவட்டத்துக்கு ஒரு மீன் நோய்ப் பரிசோதனைக் கூடம் வை.

4. நோயை மறைக்காமல் சொன்ன விவசாயிக்கு நஷ்டஈடு கொடு. சொன்னா வியாபாரி வரமாட்டான் என்று பயந்து மறைக்கிறான். மறைச்சா ஊருக்கே நஷ்டம்.

நம்ம பக்கமும் கடமை இருக்கு. செத்த மீனை வாய்க்காலில் வீசாதீங்க. சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. நோய்க் குளத்து வலையை அடுத்த குளத்தில் இறக்காதீங்க. மீன் செத்தால் தேதி, எண்ணிக்கை குறித்து, எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்க. வாய்ப்பேச்சு காற்றோட போகும், ரசீது பேசும்.

ஊருக்கு ஊர் மனு குவியட்டும்! ஒன்றுபடுவோம், உரிமை பெறுவோம்!