அங்கணமும் வளைகுழாயும்



சமையலறைக் கழிநீர் செல்லுமிடத்தை நம் முன்னோர் அங்கணம் என்றனர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் வாழும் நம்மவர் இல்லங்களிலோ, துணி துவைக்கும் இயந்திரத்தின் நீரும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

தொட்டியின் அடியில் வளைந்து நிற்கும் குழாயைக் கடைக்காரர் ‘டிராப்’ என்பர். பொறி என அதனை மொழிபெயர்ப்பது எனக்கு உவப்பாயில்லை. காவல் என்பதே தகும். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பிடத்துக்கெனக் காப்புரிமை பெற்ற வளைவின் வழிவந்தது இது. வளைவில் தேங்கும் நீரே சாக்கடைக் காற்றை வீட்டினுள் வரவிடாது தடுக்கிறது.

இயந்திரத்தின் ரப்பர்க் குழலைச் சாக்கடைக் குழாயில் செருகிச் சுற்றிலும் துணியால் இறுக அடைப்பது தவறு. காற்றுப் புக வழியில்லையேல், விரைந்தோடும் நீர் வளைவிலுள்ள நீரையும் இழுத்துச் சென்றுவிடும். அகன்ற நிமிர்குழாயில் அதனைத் தளர்வாக விடுதலே முறை.

கோடையில் கப்பலேறிச் சென்னைக்கு விடுப்பில் செல்வோரே, பூட்டிய வீட்டில் அக்காவல்நீர் வற்றிவிடும். புறப்படுமுன் ஒரு செம்பு நீரூற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். நீர் எளிதில் ஆவியாகாது. தனிக்காரி அணையில் நீர் குறையும் மாதங்களில் அச்செம்பு நீரும் அருமையானதே. கடைசியாகத் துணி அலசிய நீரே அதற்குப் போதும்.