அட்டையில் உள்ள பெயர்

(யாழ்ப்பாணத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே, தோட்டத்தை விட்டு யாழ்ப்பாணத்துக்குக் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும்தான் இதைச் சொல்கிறேன்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் ‘வி’ இருந்தால் வாக்குரிமை உள்ளவர். ‘எக்ஸ்’ இருந்தால் இல்லாதவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த பிரஜாவுரிமை, மிச்சமிருந்தோருக்கு 2003இல்தான் கிடைத்தது. 2016 முதல் வரும் 12 இலக்க எண்ணில் அந்த எழுத்தே இல்லை. நல்லது.

பெயர்ப் பிழை மட்டும் போகவில்லை. பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அட்டையில் ராமாய், செக்ரோலில் வேறொன்று. சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் தெரியும், காசு நின்றுவிடும். முப்பது வருட உழைப்பு ஐயா அது!

15 வயதில் பிள்ளைக்கு அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழையிருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். தனியே போகத் தயக்கமென்றால் சங்கத்துக்கு வாருங்கள், கூட வருகிறோம்.